கோடையில் செத்த பேட்டரி

நவம்பர் மாத அதிகாலை, மணி நாலு. இமாசலப் பிரதேசத்தின் நார்கண்டா, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கின்னௌரிலிருந்து ஆப்பிள் பெட்டிகளை ஏற்றி வந்த பிக்கப் வண்டியின் ஓட்டுநர் சாலையோர டாபாவில் நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. முன்விளக்கு மட்டும் அகல் விளக்குப் போல மங்கி எரிந்தது.

தியோக் அருகேயுள்ள பராலா மண்டியில் காலையில் ஏலம் தொடங்கிவிடும். நேரத்துக்குப் போய்ச் சேராத சரக்குக்கு நல்ல விலை கிடையாது.

நாற்பத்தைந்து வயதான அந்த ஓட்டுநர் அதிகம் கலங்கவில்லை. அவருடைய அப்பாவும் இதே மலைப் பாதையில் வண்டி ஓட்டியவர். இரும்புக் கைப்பிடியை முன்பக்கத்தில் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலம் அது. அப்பா கற்றுக்கொடுத்த முதல் விதி: மலையில் வண்டியை நிறுத்தினால், அதன் மூக்கு இறக்கத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். செல்ஃப் எடுக்காவிட்டாலும் உருட்டிக் கிளப்பிவிடலாம்.

வண்டி அப்படித்தான் நின்றிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தார். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு உருள விட்டார். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. எஞ்சின் உயிர் பெறவில்லை. மறுபடியும் முயன்றார். மறுபடியும் குலுக்கல்தான். அதற்குள் சரக்கின் கனம் வண்டியை இழுக்க ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை மிதித்தார். இரண்டு மிதிக்குப் பிறகு அது செங்கல்லாக இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. எதிரே வளைவு. அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்து, ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் முறுக்கி, மலைப்பக்கச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். ஆப்பிள் பெட்டிகளில் நாலைந்து சரிந்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கைகள் மட்டும் வெகுநேரம் நடுங்கின. குளிரினால் அல்ல.

அப்பாவின் உத்தி அப்பாவின் வண்டிக்குச் சரியானது. அந்தக் கால டீசல் எஞ்சினில் எரிபொருளைச் செலுத்தியது இயந்திர பம்பு. சக்கரம் சுழன்றால் எஞ்சின் சுழலும், எஞ்சின் சுழன்றால் டீசல் பாயும். அதற்கு மின்சாரத்தின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இன்றைய வண்டியில் எப்போது, எவ்வளவு டீசல் என்று தீர்மானிப்பது ஒரு சின்னக் கணினி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிமுறை வந்த பிறகு விற்கப்பட்ட வண்டிகளுக்கு இது பொது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் அந்தக் கணினி கண் விழிக்காது. எத்தனை தூரம் உருட்டினாலும் பயனில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைச் சக்தியும் நின்றுபோகும். சரக்கோடு இறக்கத்தில் உருட்டுவது உத்தியல்ல, விஷப்பரீட்சை.

உதவிக்கு முதலில் வந்தது ஒரு பெரிய லாரி. அதன் ஓட்டுநர் நல்ல மனதோடு ஜம்பர் ஒயரை எடுத்து வந்தார். டாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் ஓடி வந்து தடுத்தார். "நில்லுங்கள் பாயி! உங்களுடையது 24 வோல்ட். இது 12. இணைத்தால் இதன் கணினி கருகிவிடும்." பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றியது.

அரை மணி கழித்து வேறொரு பிக்கப் வந்தது. பெரியவரே முன்னின்று இணைத்தார். சிவப்பு ஒயர் பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. கறுப்பு ஒயரின் ஒரு முனை வந்த வண்டியின் மைனஸில். மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல, அதற்குத் தள்ளி எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியில். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். இரண்டும் சந்தித்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும்.

மண்டிக்குப் போனபோது மணி பத்து. முக்கிய வியாபாரிகள் ஏலத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் சத்தம் போடவில்லை. வாடகையில் 1,500 ரூபாயைக் குறைத்துக் கொடுத்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது ஓட்டுநருக்கு.

அன்று பிற்பகல் அவர் தியோக்கில் ஒரு பேட்டரிக் கடை வாசலில் நின்றார். "இந்தக் குளிர் என் பேட்டரியைக் கொன்றுவிட்டது லாலாஜி" என்றார்.

கடைக்காரர் உடனே எதையும் விற்க முயலவில்லை. எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆறவிடச் சொன்னார். ஓடி வந்த பேட்டரி பொய் சொல்லும், ஓய்வெடுத்த பேட்டரிதான் உண்மை சொல்லும் என்பது அவர் கட்சி. பிறகு மீட்டரை வைத்தார். 12.1 வோல்ட். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றாலே பாதிதான் மிச்சம். அடுத்து, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். அடியில் ஆறு மூடிகள். அப்படி மூடிகள் இருப்பதே ஓட்டுநருக்கு அன்றுதான் தெரிந்தது. ஸ்டிக்கரில் 'குறைந்த பராமரிப்பு' என்று இருந்ததை அவர் மூன்று வருடங்களாக 'பராமரிப்பே வேண்டாம்' என்று வாசித்து வந்திருக்கிறார்.

இரண்டு அறைகளில் திரவம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையாக உறிஞ்சிப் பார்த்தார். ஆறில் ஐந்து ஓரளவு தேறின. ஒன்று தேறவில்லை. ஒன்று போனாலும் போனதுதான். ஆறு அறைகளும் ஒரே சங்கிலி.

"மே, ஜூனில் வண்டி எங்கே ஓடியது டிரைவர் பாயி?"

"காய்கறி ஏற்றிக்கொண்டு தில்லிக்கு. ஆசாத்பூர் மண்டிக்கு."

"அங்கேதான் இது செத்துப்போனது. இன்றைக்குத்தான் செய்தி வந்திருக்கிறது."

லாலாஜி சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வினை மந்தமாகிறது. பூஜ்ய டிகிரியில் அதன் கிளப்பும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே சமயம் எஞ்சின் எண்ணெய் கெட்டியாவதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டியிருக்கிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது. ஆனால் இந்தக் குறைவு தற்காலிகமானது. வெயில் ஏறினால் சக்தி திரும்பிவிடும்.

வெப்பம் செய்யும் சேதமோ திரும்பாது. தில்லியின் கோடையில் வெளியே 45 டிகிரி என்றால் பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். தண்ணீர் ஆவியாகிறது. தகடுகளின் சட்டம் அரிக்கப்படுகிறது. திரவத்துக்கு வெளியே தலைநீட்டும் தகடு காய்ந்து கெட்டுப்போகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. அடிபட்ட பேட்டரி கோடையில் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிடும், அப்போது கேட்கப்படும் சக்தி குறைவு என்பதால். முதல் குளிரில் குட்டு வெளிப்படும். பழி குளிர் மேல் விழும்.

பேட்டரியை மாற்றியாக வேண்டும் என்று முடிவாயிற்று. எதை வாங்குவது? நாலு கடை தள்ளி ஒருவர் 'ரீகண்டிஷன்' பேட்டரியை 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். பழையதற்கு லாலாஜியைவிட 300 ரூபாய் அதிகமும் தருவாராம். லாலாஜி கடையில் புதியதன் விலை 7,000 ரூபாய், பழையதைக் கொடுத்தால் 1,500 கழிவு. வண்டிக் கடனுக்கான தவணை அந்த வாரம்தான். மகளின் கல்லூரிக் கட்டணமும் பாக்கி. ஓட்டுநர் வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தார்.

மலிவான பேட்டரியை அவர் முன்பே ஒரு முறை வாங்கியிருக்கிறார். ஏழு மாதம் உழைத்தது. பில் இல்லை, வாரண்டி இல்லை. அதன் வயது யாருக்கும் தெரியாது. அன்று காலை இழந்த 1,500 ரூபாயை அதன் மேல் கூட்டிப் பார்த்தார். அந்த வளைவை எதன் மேல் கூட்டுவது என்று தெரியவில்லை. பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை லாலாஜி சொன்னார். அதிக விலைக்கு எடுக்கப்படும் பழைய பேட்டரிகளில் பல ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்தப் புகையும் தூசியும் முதலில் தாக்குவது குழந்தைகளின் மூளையை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலை தரும் அளவுக்கு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதன் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டியது, முறையின்றி உடைக்கப்படும் பேட்டரிகளைத்தான். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகிறது இந்தியாவின் 2022ஆம் வருட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதி. அது நிறைவேறுவது, ஓட்டுநர் பழையதை எந்தக் கையில் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வாங்குவதற்கு முன் லாலாஜி எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். 14.2 வோல்ட். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அது 13.5ஐத் தாண்டாவிட்டால் முதலில் அதைப் பழுது பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது பேட்டரியும் பட்டினியில் சாகும்.

அலமாரியிலிருந்த ஒன்றைத் தள்ளுபடியில் தருவதாகச் சொன்னார் கடைப் பையன். அதன் மேலிருந்த தயாரிப்புக் குறியை லாலாஜி காட்டினார். பத்து மாதம் பழையது. சார்ஜ் ஏற்றாமல் சும்மா கிடந்தாலும் பேட்டரி மெல்ல இறங்கும், தகடுகளில் கந்தகப் படிவு இறுகும். இரண்டு மாதத்துக்கு முன் தயாரானதை எடுத்தார்கள். ஆம்பியர்-அவர் எண் வண்டிக் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. குளிர்ப் பிரதேசத்துக்கு இன்னொரு எண்ணும் முக்கியம்: சி.சி.ஏ. உறைகுளிரில் கிளப்பும் கணத்தில் எத்தனை ஆம்பியர் தரும் என்பது. பெரியதே நல்லது என்று அளவு மாறி வாங்கினால் தட்டில் உட்காராது. பிளஸ், மைனஸ் முனைகள் பக்கம் மாறியிருந்தால் கேபிள் எட்டாது. வாரண்டிச் சீட்டில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விகிதக் கழிவு, வாடகை வண்டிக்கும் அதே காலம்தானா என்பதையெல்லாம் வாசித்துக் கடை முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும்.

கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். முனைகளில் பூத்திருந்த பச்சை வெள்ளை உப்பைச் சமையல் சோடாத் தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவினார்கள். பிடிப்புப் பட்டையை லாலாஜி இரண்டு முறை இறுக்கினார். மலைப் பாதையில் ஆடும் பேட்டரிக்குள் தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் சேரும். கடைசியாக, ஓட்டுநர் தாமே சேர்த்திருந்த இரண்டு பனி விளக்குகளையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்துத் தலையை ஆட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் பாட்டுக் கேட்டால் காலையில் அழ வேண்டியிருக்கும்.

அடுத்த ஜூனில் ஆசாத்பூர் மண்டி வாசலில் அந்த ஓட்டுநர் பானெட்டைத் திறந்து வைத்து டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்து மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். குழாய்த் தண்ணீரோ, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ கூடாது, அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, தகடு மூழ்கிக் குறி வரைக்கும் போதும், வழியக் கூடாது என்று அவர்களுக்கே இவர் வகுப்பெடுத்தார். கோடையில் மாதம் ஒரு முறை, குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு லிட்டர் பாட்டிலின் விலை இரண்டு டீ, ஒரு சமோசா.

பனிக்காலம் வந்தது. நார்கண்டாவில் அதே டாபா. அதிகாலையில் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கீழே இறங்கிப் போய், முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். வண்டியின் மூக்கு அன்றைக்கும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நின்றிருந்தது. உருட்டிக் கிளப்புவதற்காக அல்ல. அப்பா சொன்ன விதியாயிற்றே.