நிக்கறதுக்கும் காசா?

லேத்து என்றால் சுற்றும். பி.காம். முடித்துவிட்டு கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் கணக்கெழுதப் போன எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங் அவ்வளவுதான்.

2014-ல் முதலாளி புது சி.என்.சி. லேத்து ஒன்று வாங்க நினைத்து, இரண்டு கொட்டேஷன்களை என் மேஜையில் போட்டார். ஒன்றில் 'சி ஆக்ஸிஸ், லைவ் டூல்' என்று ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரிக்குச் சில லட்சங்களும் கூடுதல்!

"இது என்ன சார் பண்ணும்?"

"ஸ்பிண்டிலை நாம சொல்ற கோணத்துல கொண்டுபோய் நிறுத்தும்யா."

"சுத்தறதுக்குத்தானே சார் லேத்து? நிக்கறதுக்கும் காசா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். விலை குறைந்த மிஷின் வந்து இறங்கியது. பட்டறைக்கே லட்சங்களை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் என்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் வந்தது ஒரு ஃபிளாஞ்ச் ஆர்டர். வட்டத் தகடு, ஓரத்தில் ஒரு காடி, அந்தக் காடியிலிருந்து சரியாக 30 டிகிரி தள்ளி முதல் ஓட்டை, பிறகு 60 டிகிரிக்கு ஒன்றாக இன்னும் ஐந்து. லேத்தில் கடைந்து, கழற்றி, மில்லிங்கில் காடி போட்டு, மறுபடி கழற்றி, டிரில்லிங் மிஷினில் ஜிக்கில் மாட்டி ஓட்டை போட வேண்டும். மூன்றையும் செய்தது எங்கள் ஆபரேட்டர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். அதிர்ந்து பேசமாட்டார்.

இருநூறு பீஸ் போயிற்று. 63 பீஸ் திரும்பி வந்தது. ஓட்டை எல்லாம் காடியிலிருந்து ஒரு டிகிரி பிசகு.

ஒரு டிகிரிதானே என்று நினைத்தேன். 40 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு டிகிரி என்பது 0.7 மில்லிமீட்டர் சார்! 9 மில்லிமீட்டர் ஓட்டையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் இடம். போல்ட் உள்ளே போகுமா?

"ஜாப் கார்டுல யார் பேரோ அவங்க கணக்குல எழுதிடு" என்றார் முதலாளி. எழுதினேன். தீபாவளி போனஸில் 1,800 ரூபாய் பிடித்தம். அண்ணன் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து என் பேரேட்டின் மேல் வைத்தார். ஜிக்கின் பின். ஒரு பக்கம் தேய்ந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது.

"காடியில இதுதானுங் தம்பி உக்காரோணும். தேஞ்சா அது ஆடும். புதுசு கேட்டு மூணு மாசமா சீட்டு குடுத்துட்டுத்தான் இருக்கறனுங்க."

டிராயரைத் திறந்தேன். மூன்று சீட்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் 'அடுத்த மாதம்'. பின்னின் விலை 150 ரூபாய்.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு அதிரசம் இறங்கவில்லை. ஆனாலும் பிடித்தத்தை மாற்றும் தைரியமும் வரவில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டாயிற்றே!

2016-ல் முதலாளி, என்னைக் கேட்காமலே, சி ஆக்ஸிஸ் மிஷின் வாங்கினார். அண்ணன்தான் கூப்பிட்டுக் காட்டினார். பழைய மிஷினில் எம்03 என்று போட்டால் ஸ்பிண்டில் சுற்றும். எம்05 போட்டால் நிற்கும். எங்கே நிற்கும்? டவுன் பஸ் மாதிரிதான், ஸ்டாப்புக்கு முன்னாலும் நிற்கும், பின்னாலும் நிற்கும். எம்19 வசதி உள்ள மிஷின் என்றால் குறித்த கோணத்தில் வந்து நிற்கும். சி ஆக்ஸிஸ் அதற்கும் மேலே. எக்ஸ், இசட் போல ஸ்பிண்டிலும் ஓர் அச்சாகிவிடுகிறது. ஒரு டிகிரியை ஆயிரமாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நகரச் சொன்னாலும் நகர்கிறது!

அண்ணன் பட்டனை அழுத்தினார். கடைசல் முடிந்தது. சுழன்றுகொண்டிருந்த சக், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி மெதுவாகத் திரும்பி நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டது. இப்போது சுற்றியது டூல். காடி விழுந்தது. 30 டிகிரி திரும்பி நின்றது, ஓட்டை. 60 திரும்பி நின்றது, ஓட்டை. ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. ஜிக்கும் இல்லை, பின்னும் இல்லை.

"நிக்கறதுக்குத்தானுங் தம்பி காசு" என்றார். அன்றைக்கு நான் அடித்த ஜோக் அவர் காதுக்கும் போயிருக்கிறது!

அந்த மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 1,800 ரூபாயைக் கூட்டி எழுதினேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்னய்யா இது?" என்றார்.

"ரிவர்ஸ் என்ட்ரி சார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு தப்புக் கணக்கு. தப்பு என்னோடது" என்று மூன்று சீட்டுகளையும் நீட்டினேன். படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் கவரைப் பிரித்து நிதானமாக எண்ணினார். பிறகு 150 ரூபாயைத் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது எதுக்குங்ண்ணா?"

"அந்தப் பின்னுக்குங் தம்பி. டிரில்லிங் மிஷின் இன்னும் அங்கதானுங்களே நிக்குது?"