வெறும் வயித்துச் சீனி

2025 பெப்ரவரி 5, புதன்
பதுளை ஆஸ்பத்திரியில இருந்து வந்து சேர இருட்டிப் போச்சு. பஸ்ஸுல நின்னேதான் வந்தேன். ஸ்கேன் துண்டுல ஈரல்ல கொழுப்பு, கிரேட் 2. குடிக்கிறீங்களான்னு டொக்டர் பிள்ளை கேட்டுச்சு. இல்லன்னேன். நம்பிச்சு. அழுகை வந்துருச்சு.

வெறும் வயித்துச் சீனி 118. பிரஷர் 140/90. ட்ரைகிளிசரைட் 212. இடுப்பு 91 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80ஐத் தாண்டக் கூடாதாம். இதெல்லாம் தனித்தனி வருத்தம் இல்லக்கா, வேர் ஒண்ணுதான்னுச்சு. இந்த நாலோட நல்ல கொழுப்புக் குறையிறது அஞ்சாவது. அஞ்சுல மூணு இருந்தாலே போதுமாம். எனக்கு நாலு.

பெப்ரவரி 6, வியாழன்
யார்கிட்டயும் சொல்லல. தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டும்போது கயிறு சுத்தி வந்து முடிச்சுப் போட ரெண்டு விரக்கடைதான் மிச்சம். முந்தி இதே கயிறு நிறைய மிஞ்சும். கையும் காலும் குச்சி மாதிரி. வயிறு மட்டும்.

நாளுக்கு அரை மணி நடக்கணுமாம். விடிஞ்சதுல இருந்து கூடையைச் சுமந்துக்கிட்டு இந்த மேட்டுல நான் என்ன செய்யிறேன்? கோவம் கோவமா வந்துச்சு. கொழுந்து குறைஞ்சு அரைப் பேர்தான் விழுந்துச்சு, அரை நாள் சம்பளம்.

பெப்ரவரி 8, சனி
தூக்கமில்ல. ராத்திரி ஒண்ணும் திங்காம விடியக்காலையில சீனி எப்படிக் கூடும்? ஈரலே ராத்திரியில சீனி செஞ்சு ரத்தத்துல விடுமாம். போதும் நிறுத்துன்னு இன்சுலின் சொல்லும். கொழுப்பு ஏறின ஈரல் கேக்காது. கேக்கலன்னு இன்சுலின் இன்னும் சுரக்கும், அதுல கொழுப்பு இன்னும் சேரும். வலது விலாவுக்குக் கீழ கையை வச்சுப் பார்த்தேன். வலி இல்ல. எதுவுமே இல்ல. அம்மாவுக்கும் சீனி வருத்தத்துல கால் எடுக்கிற வரைக்கும் வலி இல்லன்னுதான் சொன்னாங்க.

பெப்ரவரி 9, ஞாயிறு
ஞாயித்துக்கிழமைக் கைக்காசுக் கொழுந்துக்குப் போகல. உடம்பு அசதி. பக்கத்துக் காம்பிரா அக்காவுக்குத் தெரிஞ்சிருச்சு. "ஈரலா? அது குடிக்கிறவங்களுக்குத்தானே வரும்?" ஒரு பார்வை. அப்பா கசிப்புக் குடிச்சே செத்தாரு. அந்த வாடை வந்தாலே எனக்குக் குமட்டும். என்னையப் போய்.

ராத்திரி வீட்டுக்காரரு கேட்டாரு: "நான்தானே குடிக்கிறேன், ஒனக்கு ஏன் புள்ள?" அதுக்கப்புறம் பேசல. பாவமா இருந்துச்சு.

பெப்ரவரி 11, செவ்வாய்
தைப்பூசம். சக்கரைப் பொங்கல் ரெண்டு தரம் வாங்கித் தின்னேன். நல்லா இருந்துச்சு.

பெப்ரவரி 13, வியாழன்
காலையில ரொட்டி. மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறது ரொட்டி. ராத்திரியும் ரொட்டி, கட்டச் சம்பல். இடையில பிளேன்டீ, உள்ளங்கையில சீனி, நக்கி நக்கிக் குடிக்கிறது. இறைச்சி எப்பவாச்சும். நாங்க எங்க கொழுப்புத் தின்னோம்? மாவும் சீனியும் மிஞ்சினா ஈரல் அதையே கொழுப்பாக்கி வச்சுக்குமாம். நுவரெலியாப் பக்கம் ரெண்டு தோட்டத்துல ஸ்கேன் பண்ணிப் பார்த்தப்ப 100 பேர்ல 18 பேருக்கு இருந்துச்சாம். குடிக்காதவங்களுக்கு. நாள் முழுக்க நடக்கிற சனத்துக்கு. டொக்டர் பிள்ளை சொன்னப்ப மண்டையில ஏறல. இன்னைக்கு நிறையில நிக்கும்போது ஒவ்வொருத்தி வயித்தையும் பார்த்தேன். படங்குக்கு மேல எல்லாருக்கும் பிதுங்குது.

பெப்ரவரி 17, திங்கள்
சீனியை விட்டாச்சு. தலையிடி. தேத்தண்ணி வாயில வைக்க முடியல. எல்லார் மேலயும் எரிச்சல்.

குரக்கன் மா வாங்கச் சொன்னா அவரு விலையைச் சொல்றாரு. 1350 ரூபா சம்பளம், முழுப் பேர் விழுந்தாத்தான். கௌபி அவிச்சேன். மகனுக்குப் பிடிக்கல. ரொட்டி கேட்டான். சுட்டுக் கொடுத்தேன், ஓரத்தைப் பிச்சு நானும் தின்னேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு
லயத்துக்குப் பின்னால வல்லாரை பிடிச்சிருக்கு. முருங்கைக் கொப்பு ஒண்ணு ஊனினேன். இன்னைக்கு மனசு லேசா இருக்கு. அஞ்சு கிலோ குறைஞ்சா ஈரல் கொழுப்பும் குறையும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு. ஈரலுக்குன்னு மாத்திரை ஒண்ணும் எழுதல. அஞ்சு கிலோ. கொழுந்துன்னா கொஞ்சப் பொழுது.

பெப்ரவரி 26, புதன்
சிவராத்திரி. கண்ணு முழிக்கல, முடியல. மறுபடியும் விலாவுக்குக் கீழ கை போகுது. பயமா இருக்கு.

பெப்ரவரி 28, வெள்ளி
டிஸ்பென்சரியில நிறுத்தேன். 66 இருந்தது 65. தராசு சரியில்லன்னு அக்கா சொல்லுது. சரியாத்தான் இருக்கும்.

மகள் கொழும்புல இருந்து கோல் எடுத்தா. இடுப்பு அளந்து பாரு, வெறும் வயித்துல சீனி பாருன்னேன். எனக்கு 20 வயசும்மான்னு சிரிக்கிறா. அம்மம்மா காலைச் சொன்னேன். பாக்கிறேன்னா. அவ வயித்துலயும் அந்தப் பிதுக்கம் இருக்கு, தீபாவளிக்கு வந்தப்பவே கண்டேன். ஞாயித்துக்கிழமை திரும்பக் கேக்கணும். பிரஷர் மாத்திரை முடியப் போகுது, பதுளைக்குப் போக துரைகிட்ட லீவு சொல்லணும்.