மெல்ல நடப்பதும் விசுவாசமே



ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில், யாக்கோபும் ஏசாவும் ஒப்புரவான பின்பு நடக்கும் சிறிய உரையாடலை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். நானூறு பேரோடு வந்த ஏசா, தன்னுடன் சேர்ந்து பயணப்படும்படி தம்பியை அழைக்கிறான். யாக்கோபோ பிள்ளைகளின் இளமையையும் பால் கொடுக்கும் ஆடுமாடுகளையும் எடுத்துச்சொல்லி, ஒரே நாள் விரட்டினாலும் அவற்றை இழக்க நேரும் என்கிறான். தமையனை முன்னே அனுப்பிவிட்டுத் தான் மெல்ல வருவதாகக் கூறுகிறான். பெனியேலில் தொடைச்சந்து சுளுக்கி, நொண்டி நடந்தவன் அவன். பலவீனத்துக்கும் ஒரு வேகம் உண்டு என்பதை அவன் அறிந்திருந்தான்.

கடந்த ஆண்டு எனக்கு மாரடைப்பு வந்த பின்பு இந்தப் பகுதியை நான் பலமுறை தியானித்தேன். எக்கோ பரிசோதனையில் என் இருதயத்தின் பம்பிங் திறன் 30 சதவீதம் என்று வந்தது. அதை நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான இருதயமும் தன் அறையில் நிறையும் இரத்தத்தில் ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதத்தையே ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது. ஆயினும் பயம் எளிதில் விலகவில்லை. இனி அசையவே கூடாது என்றனர் சிலர். விசுவாசிக்குப் பயிற்சி எதற்கு என்றனர் வேறு சிலர்.

முதல் ஆலோசனை பழைய மருத்துவத்தின் எச்சம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும், நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பராமரித்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அன்று அதுவே துணிகரமாகத் தோன்றியது. 2009-இல் வெளியான எச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வோ, பம்பிங் திறன் 35 சதவீதமும் அதற்குக் குறைவுமாக உள்ள, நோய் நிலைப்பட்ட 2,331 பேரிடம், மேற்பார்வையோடு தொடங்கிய உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது.

இரண்டாம் ஆலோசனைக்கு மறுமொழி, மறுவாழ்வுப் பயிற்சிக் கூடத்தில் கிடைத்தது. முதல் நாள் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். 240 மீட்டர் நடந்தேன். அந்த அளவிலிருந்தே என் பயிற்சி தொடங்கியது. இருதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு மட்டும் சரியான அளவுகோல் ஆகாது. ஆகவே மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தொடக்கத்தில் சில நிமிடம் மெதுவாக நடந்து உடலை ஆயத்தப்படுத்துகிறோம். முடிவிலும் அப்படியே மெல்லக் குறைக்கிறோம். சட்டென்று நின்றால் கால்களில் இரத்தம் தேங்கி, தலைசுற்றல் வரக்கூடும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. உச்சிவெயிலிலும் உணவு உண்டவுடனும் நடக்கலாகாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் அது தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்கிறேன். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ, உடலில் நீர் சேர்கிறது என்று பொருள்; அன்று பயிற்சி இல்லை, மருத்துவரிடம் பேச வேண்டும்.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்பு ஆறு நிமிடத்தில் 330 மீட்டர் நடந்தேன். பம்பிங் திறனோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. காரணம் கேட்டபோது பயிற்சியாளர் விளக்கினார்: கால்களின் தசைகள், தங்களுக்கு வரும் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை இன்னும் நன்றாக எடுத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன, அதனால் அதே வேலைக்கு இருதயம் முன்போல் பாடுபட வேண்டியதில்லை. பலவீனமான உறுப்பு பலவீனமாகவே இருக்க, மற்ற உறுப்புகள் அதன் பாரத்தைக் குறைத்தன. அன்றுமுதல், சபையை ஒரே சரீரம் என்று பவுல் அழைப்பதை நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். நம் ஜெபங்களுக்குப் பதில், பலவீனம் நீங்குவதாக மட்டுமல்ல, அருகிலிருப்பவர்கள் பெலன்கொள்வதாகவும் வரலாம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் இருதயம் பலவீனப்பட்ட தகப்பனோ தாயோ இருந்தால், அன்பினிமித்தம் அவர்களைக் கட்டிலோடு கட்டிவைக்காதிருங்கள். தைரியமூட்டுவதாக எண்ணி விரட்டவும் வேண்டாம். மருத்துவரின் அனுமதியைப் பெற்று, அவர் குறித்த அளவின்படி, இந்த வாரம் ஒருநாள் காலையில் அவர்களோடு நடந்துபாருங்கள். அவர்களுடைய வேகத்திலேயே நடங்கள். பேச்சு தடைப்பட்டால் நில்லுங்கள். ஏசாவைப்போல் முன்னே சென்றால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால் பிள்ளைகளும் மந்தையும் ஒன்றும் குறையாமல் போய்ச்சேர, ஒருவன் மெதுவாய் நடக்க வேண்டியிருந்தது.

இளைத்தவர்களோடு நடக்கும் பொறுமையைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.