கரியடுப்பும் திறந்த முற்றமும்

கரி என்னும் சொல்லுக்கு நம் நிகண்டுகளும் அகராதிகளும் பல பொருள் உரைக்கும். யானை கரி, சான்று பகர்வோன் கரி, எரிந்து அவிந்த விறகும் கரியே. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருத்தி கரியைப் பற்றி எழுதியிருக்கின்றாள் என்றவுடன், யானைப்போரைப் பற்றியோ பரணி நூல்களைப் பற்றியோ எழுதியிருப்பாள் என நண்பர்கள் எண்ணுதல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க. யான் ஈண்டு எழுதப் புகுந்தது மூன்றாவது கரியைப் பற்றி. அதிலும், கூரைக்கு வெளியே, வானத்தின் கீழ், ஒரு சுடுமண் அடுப்பில் எரியும் கரியைப் பற்றி.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில், வேப்பமரத்தின் கிளைகள் எட்டாத ஓரிடத்தில், செங்கல் மேடையொன்றின்மீது அவ்வடுப்பு அமர்ந்திருக்கின்றது. முட்டை போன்ற வடிவினது. புறத்தே பச்சை மெருகு பூசப்பெற்றது. சுவர் ஏறக்குறைய ஓரங்குலக் கனமுடையது. எடை 70 கிலோகிராமுக்கு மேலாதலின், நால்வர் கூடியே அதனைத் தூக்கி வைக்க நேர்ந்தது. மேற்பாதி கீலில் திறக்கும் மூடி. மூடியின் உச்சியில் ஒரு சிறு புகைவாய். அடியில் காற்றுப் புகுதற்கு ஒரு சிறு கதவு. உள்ளே கரியிடும் குழி. அதற்கு மேல் 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள இருப்புக் கம்பித்தட்டு. இவ்வளவே அதன் உறுப்புக்கள். எங்கள் பால்காரர் அதனை முதல்முறை கண்டபோது, குடிநீர் ஊற்றிவைக்கும் புதுவகைச் சாடி என்றே கருதி, குழாய் எங்கே என வினவினார்.

இதன் பிறப்பு வரலாறு சுவையுடையது. ஜப்பானியர் அடுப்பைக் காமாடோ என்பர். சோறு ஆக்குதற்கென அவர்களிடம் மூடியோடு கூடிய வட்டமான மண்ணடுப்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் முஷிகாமாடோ. 'முஷி' என்பது ஆவியில் வேகவைத்தலைக் குறிக்கும். 1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படைவீரர், அந்தச் சோற்றடுப்பில் இறைச்சியைச் சுட்டுப் பார்த்தனர். நன்றாயிருக்கவே தாயகம் திரும்புங்கால் கப்பலேற்றிக் கொண்டுசென்றனர். பின்னர் 1974-இல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பார் அவ்வகை அடுப்புக்களை விற்கத் தொடங்கினார். பழைய களிமண் அடுப்புக்கள் வெப்பந் தாங்காது வெடித்தமையின், காலப்போக்கில் உயர்ந்த செராமிக்கினாற் செய்தனர். 'பிக் கிரீன் எக்' என இன்று உலகறிந்த பச்சை முட்டை அதுவே. சோற்றுக்கு உரியதாய்ப் பிறந்த அடுப்பு கடல் கடந்து இறைச்சிக்கு உரியதாயிற்று. சோறுண்ணும் எங்கள் ஊருக்கு வந்து மீனுக்கு உரியதாயிற்று.

இதனைக் கொணர்ந்தவர் என் தாய்மாமனார். இருபத்திரண்டு ஆண்டு அட்லாண்டாவில் வேலை பார்த்தவர். அத்தை அந்நாட்டிலேயே இறைவனடி சேர்ந்தபின், ஈராண்டு தனித்திருந்து, சென்ற ஆண்டு ஊர் திரும்பினார். வீட்டுப் பொருள்களிற் பெரும்பாலானவற்றை அங்கேயே கொடுத்துவிட்டு, கம்பளிகள் சுற்றிய இந்த அடுப்பை மட்டும் விடாது கப்பலிற் கொண்டுவந்தார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அது வந்திறங்கிய நாளில், அம்மா வாயிற்படியில் நின்று அதனை உற்று நோக்கிவிட்டுக் கூறிய சொற்கள் இவை:

“ஏல தம்பி, புகையிலே கிடந்து நான் பட்ட பாடு போதாதா? எரிவாயு அடுப்பு வந்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாய் மூச்சு விட்டேன். நீ காசு செலவழித்துக் கடலுக்கு அப்பாலிருந்து கரியடுப்பைக் கொண்டுவந்திருக்கிறாயே!”

மாமா நகைத்தாரல்லர். “அக்கா, நீ ஊத வேண்டாம், நீ உட்கார்ந்திரு, போதும்” என்று மட்டும் சொன்னார்.

அம்மாவின் சொல்லில் உள்ள நியாயத்தை எளிதில் ஒதுக்குதல் தகாது. ஆச்சி இறந்தபோது அம்மாவுக்கு வயது பதின்மூன்று, மாமாவுக்கு ஏழு. அன்று முதல் ஈரவிறகும் ஊதுகுழலும் அம்மாவின் கையில் வந்தன. சாளரமற்ற அடுக்களையில், கண்ணீரும் இருமலுமாக, விடியுமுன் ஒருமுறையும் பொழுது சாய்ந்தபின் ஒருமுறையும் அடுப்பெரித்துத் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். இன்றும் மார்கழிப் பனியில் அவர் நெஞ்சு இழுக்கும். திறந்த வெளியில் தீ மூட்டிச் சமைப்பதன் இன்பத்தை வியந்து பேசுவோருட் பலர், மறுநாட் காலையிலும் அதே தீயை மூட்டவேண்டிய கட்டாயம் இல்லாதவர். ஒருவர்க்கு விளையாட்டாயிருப்பது மற்றொருவர்க்கு விலங்காயிருந்தது என்பதை மறந்து இவ்வின்பத்தைப் பாராட்டினால், அப்பாராட்டு அரைப் பொய்யாகும்.

நிற்க. அடுப்பின் இயல்பைச் சிறிது கூறுவேன். கரி என்பது முன்னரே ஒருமுறை நெருப்பைக் கண்ட மரம். எங்கள் பக்கத்துக் கரி பெரும்பாலும் சீமைக் கருவேல மரத்தினின்று ஆவது. விளாத்திகுளம், இராமநாதபுரம் பக்கங்களில் மரத்துண்டுகளை நெருக்கி அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடி, காற்று மிகுதியாய்ப் புகாவண்ணம் நாட்கணக்கிற் புழுங்க எரிப்பர்; இதனைக் கரிமூட்டம் என்பர். மரத்திலுள்ள நீரும் ஆவியாகும் பொருள்களும் நீங்க, கரி எஞ்சுகின்றது. நம் முற்றத்திற் கரி புகையின்றிக் கனல்வது இக்காரணம் பற்றியே. புகை ஒழிந்துவிடவில்லை, மூட்டம் போடும் தொழிலாளர் நமக்கு முன்னரே அதனைச் சுவாசித்துவிட்டனர். மூட்டை கட்டி வரும் கரியைக் காணுந்தோறும் இஃது என் நினைவுக்கு வருகின்றது.

கரி மூட்டுதற்கு மாமா மண்ணெண்ணெயைத் தொடுவதில்லை. சுடுமண் அந்நாற்றத்தை உள்வாங்கிப் பல நாள் உணவிற் கக்குமாம். காய்ந்த சிரட்டைத் துண்டுகளே போதும். கனல் பற்றியபின் மூடியைச் சாத்தி, கீழ்க்கதவையும் மேல்வாயையும் திறக்கும் அளவினாலேயே வெப்பத்தை ஆள்வர். விரற்கனம் திறந்தால் 120 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காய் நிற்கும். அகலத் திறந்தால் 300-ஐயும் கடக்கும். ஆனால் தடித்த சுவர் ஒருமுறை ஏற்ற வெப்பத்தை எளிதில் விடாது. ஆதலின் ஏறும்போதே தடுக்கவேண்டும். ஏறியபின் இறக்குதல் அரிது. மிகுந்த சூட்டில் மூடியைச் சட்டென்று திறத்தலும் ஆகாது. அடைபட்டிருந்த கனல் புதுக்காற்றைக் கண்டதும் சுடராய்ப் பாய்ந்து கைமயிரைப் பொசுக்கும். சிறிதே தூக்கிக் காற்றை உள்விட்டு, பின்னரே முழுதும் திறக்கவேண்டும். சமையல் முடிந்ததும் இரு வாயையும் அடைத்தால் நெருப்பு அவிந்துவிடும். மிஞ்சிய கரி அடுத்த நாளைக்கு ஆகும். இச்சிக்கனம் ஒன்றே அம்மாவுக்கு முதலிற் பிடித்தது.

இவ்வடுப்பை வீட்டினுள் வைத்தல் கூடவே கூடாது. கரி எரியுங்கால் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் உறங்குவோரை எழுப்பாமலே கொல்ல வல்லது. 'வெளியிற் சமைத்தல்' என்பது இதற்கு ஓர் அலங்காரமன்று, உயிர்க்காவல்.

முதல் நாள் சமைத்தது சீலா மீன். மாமாவே கழுவி, உப்பும் மஞ்சளும் மிளகும் புளிக்கரைசலும் தடவி, வாழையிலையில் வைத்துக் கம்பித்தட்டில் ஏற்றினார். அம்மா வெளியே வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ரசமும் துவையலும் செய்து முடித்திருந்தார்! மீன் வெந்தபின், சூடாறுமுன் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்ட யான், பொருநராற்றுப்படையிற் கண்ட காட்சியின் உண்மையை உணர்ந்தேன். கரிகாற்சோழன் அளித்த, கம்பியிற் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநர் சூடு பொறாது வாயில் இப்பக்கமும் அப்பக்கமுமாக மாற்றிமாற்றித் தின்றனர் என்று முடத்தாமக்கண்ணியார் பாடியிருக்கின்றார். வகுப்பில் அவ்வடிக்கு உரை எழுதியபோது சொற்களே விளங்கின. மீன்துண்டு நாவைச் சுட்ட அன்றுதான் அவ்வடி விளங்கிற்று. நெடுநல்வாடையில் வரும் வாயகன்ற 'தடவு' என்னும் நெருப்புக் கலமும், நம் பாட்டிமார் கும்மட்டி என்று வழங்கியதும், ஜப்பானியரின் காமாடோவும் தூரத்து உறவினர்போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஆராய்ச்சியாகாது, ஆயினும் எண்ணுதற்கு இனிது.

அம்மா தம் பங்கைச் சமையலறை வாயிலில் நின்றே உண்டார். “மீன் நன்றாய்த்தான் இருக்கிறது” என்றார். அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லெந்து காலம் முழுதும் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை. உயிர்ப்பு ஞாயிற்றின் முந்திய இரவு, மாமா ஓர் ஆட்டுத்தொடையை அடுப்பில் ஏற்றினார். பத்து மணிக்கு வைத்து, 120 டிகிரியில் இரவெல்லாம் விட்டு, அதிகாலை ஆராதனை முடிந்து வந்தபின் எடுப்பது அவர் திட்டம். நெருப்பைத் தனியே விட்டுத் தூங்க அம்மாவுக்கு மனமில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு முற்றத்திற்கு வந்தார். யானும் பாய் விரித்துப் படுத்தேன். காற்று இல்லை. மூடியின் வாயில் மெல்லிய ஆவி மட்டும் நின்றது.

செய்யவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. விட்டுப் போகவும் இயலாது. அவ்வடுப்பு மனிதர்க்கு அளிக்கும் அரிய பொருள் இந்த நிலையே என எனக்குத் தோன்றுகின்றது. ஊர் திரும்பியது முதல் அத்தையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருந்த மாமா, ஏறக்குறைய நள்ளிரவில், கேட்பாரின்றித் தாமே பேசத் தொடங்கினார். அடுப்பு அவருடையதன்றாம், அத்தையினுடையதாம். அட்லாண்டாவில் விடுமுறைதோறும் அதனை மூட்டி ஆண்டவர் அத்தையே. மாமா கரி மூட்டை சுமந்ததும் சாம்பல் அள்ளியதும் தவிர வேறொன்றும் அறியாராம். அத்தை நோயுற்ற கடைசி ஆண்டில், ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு சமையலின் நேரத்தையும் சூட்டையும் தமிழில் எழுதிவைத்திருக்கின்றார்; அதனைப் பார்த்தே இப்போது மாமா கற்கின்றார். “அவள் கையால் ஒருமுறை வைத்த ருசி எனக்கு இன்னும் வரவில்லை, அக்கா” என்றார்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “அந்தப் புத்தகத்தைக் கொண்டா” என்றார். கைவிளக்கின் ஒளியில் பக்கம் பக்கமாக வாசித்தார். எண்ணெய்க் கறை படிந்த ஓரிடத்தில் விரலை வைத்து, “இங்கே பார், கால் விரல் திறந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாள். நீ அரை விரல் திறந்து வைத்திருக்கிறாய்” என்றார். மாமா எழுந்து கீழ்க்கதவைச் சிறிது அடைத்தார். அப்போது அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். புகை இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலைவீசி வெறுங்கையராயிருந்த சீஷர்கள், விடியற்காலையில் ஆண்டவர் சொற்படி வலையிட்டுத் திரளான மீன் பிடித்துக் கரையேறியபோது, அங்கே கரிநெருப்பையும் அதன்மேல் மீனையும் அப்பத்தையும் கண்டனர். பேதுரு மறுதலித்த இரவில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பே; கிரேக்க மூலத்தில் அச்சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரண்டிடத்தில் மட்டுமே வருகின்றது. உரையாளர்கள் பேதுருவைப் பற்றியே மிகுதியும் பேசுவர். அவ்வுயிர்ப்பு நாட்காலையில் என் மனம் சென்றதோ வேறோரிடத்தில்: உழைத்துக் களைத்தவர் கரையேறுமுன்னரே அவர்க்காக வேறொருவர் சமைத்து வைத்திருந்தார் என்பதில். ஆராதனையிலிருந்து திரும்பியபோது தொடை எலும்பை விட்டுக் கழன்று வந்தது. அம்மாவை நாற்காலியை விட்டு எழவிடாமல் மாமா இலையிட்டுப் பரிமாறினார். என் அறிவு தெரிந்த நாள் முதல், பிறர் எல்லாரும் உண்ணுமுன் அம்மா முதலில் அமர்ந்து சூடாக உண்டதை யான் கண்டது அன்றே. “மருமகளே, அம்மாவுக்கு இன்னும் ஒரு துண்டு வை” என்று மாமா சொல்லிக்கொண்டேயிருந்தார்.

நாள்தோறும் சமைத்தற்கு எரிவாயு அடுப்பே சிறந்தது என்னும் தம் தீர்ப்பை அம்மா இன்றளவும் மாற்றிக்கொண்டாரல்லர். யானும் அதனை மறுக்கேன். அவர் கரி மூட்டுவதும் இல்லை. சாம்பல் அள்ளுதல் மாமாவுக்கும் எனக்கும் முறை. கணக்குப் புத்தகத்தில் அத்தையின் கையெழுத்து முடிந்த பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில், 'சீலா மீன், வாழையிலை, இருபத்தைந்து நிமிஷம், புளி குறைவு' என்று ஒரு வரி இப்போது காணப்படுகின்றது. எழுத்து அம்மாவுடையது. சென்ற வாரம் கரி தீர்ந்துபோகவே, விளாத்திகுளத்திலிருந்து வரும் வண்டிக்காரரிடம் இரண்டு மூட்டைக்குச் சொல்லி அனுப்பியிருக்கின்றார்.