தேக்காவில் வாங்கிய சூரை

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடும்பத்துடன் தேக்காச் சந்தைக்குச் சென்றோம். 1982ஆம் ஆண்டு முதல் இப்போதைய கட்டடத்தில் நடைபெற்றுவரும் அச்சந்தையின் மீன் பகுதியில், பனிக்கட்டியின்மேல் சூரை மீன்கள் அடுக்கப்பட்டிருந்தன. மலாய்க்காரர்கள் தொங்கோல் என்பது இதனைத்தான். வஞ்சிரத்தைவிட விலை குறைவு; ஆகவே பாட்டி இரண்டு மீன்களைத் தேர்ந்தெடுத்தார்.

சூரை, வெப்பக் கடல்களில் கரையோரமாகக் கூட்டங்கூட்டமாகத் திரிவது. பெரும்பாலும் இரண்டடி நீளமே இருக்கும். கருநீல முதுகில் அலையலையான கோடுகளும், மார்புத் துடுப்பின்கீழ்ச் சில கரும்புள்ளிகளும் உண்டு. அது ஓயாமல் நீந்தினால்தான் செவுள்களின் வழியே நீர் பாயும்; நின்றுவிட்டால் மூச்சுத் திணறும். இடையறாத அவ்வுழைப்புக்கு ஏற்றதாகவே அதன் தசை அத்துணைச் சிவப்பாக உள்ளது.

மீனை வாங்கிய பின் நாங்கள் வீடு திரும்பினோமா? இல்லை. பூ வாங்கினோம், தோசை உண்டோம், உறவினர் வீட்டிற்கும் சென்றோம். மீன் பை மூன்று மணி நேரம் தம்பியின் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

குழம்பை முதலில் சுவைத்த பாட்டி, "நாக்கில் மிளகு கடித்தாற்போல் சுரீரென்கிறதே!" என்றார். மிளகாய்த்தூள் கூடிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அரை மணி நேரத்திற்குள் எங்கள் முகங்கள் சிவந்தன, உடலெங்கும் அரிப்பு, தம்பி தலைவலியால் அழுதான். மீன்காரர் கெட்ட மீனை விற்றுவிட்டார் என்று அப்பா சினந்தார்.

மருத்துவரோ, மீன் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்றுதான் முதலில் வினவினார். சூரை இனத்தின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதனை ஹிஸ்டமின் என்னும் நச்சாக மாற்றிவிடும். மீன் நாறவேண்டும் என்பதில்லை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்நச்சு அழியாது. பாட்டியின் நாக்கு உரைத்தது அதனையே. மாலைக்குள் மருந்தினால் அனைவரும் நலமடைந்தோம். மீன்காரரிடம் அப்பா சண்டைக்குச் செல்லவில்லை.

அடுத்த வாரம் நடந்ததை அவரிடம் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே, இரண்டு கை நிறையப் பனிக்கட்டியை அள்ளி மீன் பையில் இட்டார். தம்பி அதனை மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்று தோசை கிடையாது, நிற்காமல் வாருங்கள்!" என்று கூவியபடி ரயில் நிலையத்தை நோக்கி விரைந்தான்.