இரைச்சல்

சென்ற சித்திரையில் விழுந்த இடி ஒன்று எங்கள் வீட்டுக் கணினியை ஊமையாக்கிவிட்டது. ஓப்பநாயக்கப் பக்கத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி புதிதன்று. திரை எரிந்தது, எழுத்துத் தெரிந்தது, ஓசை மட்டும் இல்லை. வினாத்தாள் தட்டெழுத ஓசை எதற்கு? மாதக்கணக்கில் அதனை நான் பொருட்படுத்தவில்லை. அம்மா ஒரு நாள் தகரப்பெட்டியின் அடியிலிருந்து பழைய கசெட் ஒன்றை எடுத்துவந்து என் முன் வைத்தார்.

"தம்பி, இதுல அம்மாயி இருக்கு. ஒன் மெசின்ல ஏத்தி வச்சிரு. நாடா பூசணம் பூக்குது."

1964 இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிற்று. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு அம்மாயியை அக்கரைக்கும் மணமாகிவிட்ட அம்மாவை இக்கரைக்கும் ஒதுக்கியது. 1982 இல் அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறினார். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தபடியே முதுமையடைந்து அவர் மறைந்த செய்தி கடிதமாகத்தான் வந்தது. புறப்படுவதற்கு முந்திய இரவு லயத்து வாசலில் அமர்ந்து, பிணத்துக்குப் பாடும் ஒப்பாரியைத் தாம் விட்டுப்போகும் மலைக்கும் மகளுக்குமாகப் பாடியிருக்கிறார். யாரோ ஒருவருடைய ரேடியோப் பெட்டியில் அது பதிவாயிற்று. பல்கலைக்கழகத்தில் ஒப்பாரியை நாட்டார் பாடல் வகைகளுள் ஒன்றெனப் பட்டியலிட்டுப் புள்ளி வாங்கியவன் நான். என் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒன்று கிடந்ததை அறியேன்.

கொழும்பில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் ஒரு சவுண்ட் கார்டு வாங்கினேன். பெட்டியில்லை, குறுந்தகடுமில்லை. இந்தக் கார்டுகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர்தான் சாதாரண வீட்டுக் கணினிக்குப் பரவலாகக் குரல் கொடுத்தது. அந்நாளில் கார்டுக்குரிய அழைப்பெண்ணை நாமே குறித்துக் கொடுக்கவேண்டும். இன்னொரு கருவியும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டால், செக்ரோலில் ஒரே எண்ணில் இருவர் பெயர் விழுந்தது போலத்தான், வேலை நடவாது. 1995 இல் வந்த விண்டோஸ் அந்தப் பங்கீட்டைத் தானே செய்யத் தொடங்கிற்று. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் இருந்தன.

முதலில் கணினி கார்டைக் கண்டுகொள்ளவேயில்லை. கழற்றிப் பார்த்தால் பொன்முலாம் பூசிய பற்களில் கறுப்புப் படர்ந்திருந்தது. மாணவர் பாவிக்கும் அழிறப்பரால் தேய்த்து, துளையில் நேராக அமர்த்தி, திருகாணியை முடுக்கியதும் கண்டுகொண்டது. பிறகு மஞ்சள் ஆச்சரியக்குறி. இயக்கி மென்பொருளைக் கார்டு விற்றவர் சொன்ன பெயரில் தேடிப் பயனில்லை. கார்டின் நடுவிலுள்ள பெரிய சில்லின்மீது பொடியெழுத்தில் பொறித்த எண்ணைக் கொண்டே தேடவேண்டும். இடியில் செத்த உள்ளொலிப் பகுதியையும் கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கத்தில் அணைத்துவைத்தேன். பாட்டுக் கேட்டது.

பதிவதற்கு இளஞ்சிவப்புத் துளையில் வயரைச் செருகியது என் மடைமை. அது மைக்குக்கு உரியது. கசெட் பெட்டியின் பலமான ஓசை அதில் கிழிபட்டுக் கரகரத்தது. நீலத் துளைக்கு மாற்றி, பதிவுக்குரிய வழியாக அதனையே தெரிவு செய்ததும் தெளிந்தது. இத்தனை சோதனையும் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கசெட்டில்தான். அம்மாயியின் நாடா இன்னும் எத்தனை ஓட்டம் தாங்குமோ என்ற அச்சம் எனக்கு.

எல்லாம் சரி, ஓர் இரைச்சல் மட்டும் போகவில்லை. பாட்டுக்கு அடியில் வண்டு குடைவதுபோல் 'ம்ம்ம்' என்ற ஒலி. வயரை மாற்றினேன். கார்டை வேறு துளைக்கு மாற்றினேன். கசெட் பெட்டியை பற்றரியில் ஓட்டினேன். சற்றுக் குறைந்தது, ஒழியவில்லை. கணினியின் இரும்புக் கூட்டில் கை வைத்தபோது இரைச்சலின் தொனி மாறிற்று. அப்பொழுதுதான் அம்மா பலமுறை சொன்னது நினைவுக்கு வந்தது: "தொடைக்கிறப்ப கை சுர்ருங்குது தம்பி." ஈரக்கையோடு தொடாதீர்கள் என்று அவருக்கே உபதேசம் செய்திருக்கிறேன், வாத்தியார் அல்லவா!

பக்கத்துக் கிராமத்திலிருந்து வயரிங் வேலை தெரிந்த சிங்கள நண்பரை அழைத்துவந்தேன். சோதனை விளக்கின் ஒரு முனையை மின்கம்பியிலும் மறுமுனையை எர்த் துளையிலும் வைத்தார். எரியவில்லை. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் காட்டினார். வெளியே மூன்று துளைகள். உள்ளே இரண்டே கம்பிகள்.

"சேர், எர்த் இல்லை. தொடங்கின நாளிலிருந்தே இல்லை."

கணினியின் மின்வழங்கியில் கசியும் சிறு மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்கு இறங்கவேண்டும். கம்பி இல்லையேல் அது இரும்புக் கூட்டில் தங்கி, ஒலி வயரில் இரைச்சலாகவும் அம்மாவின் விரலில் சுருக்கென்றும் வெளிப்படும். பழுதான கேத்தலாயின் சுருக்கென்பதோடு நிற்காது. கசிவு கண்டு துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் இருந்தால்கூட, எர்த் இல்லாத வீட்டில் யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். அதாவது, மண்ணுக்கு வழியாவது தொட்டவரின் உடல். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. லயத்தின் சுவர் ஒருகாலும் அதில் வாழ்பவருடையதாகவில்லை. அந்தச் சுவரில் இரண்டு கம்பி போதும் என்று தீர்மானித்தவர் யார்? ஒரு கம்பியின் விலை மிஞ்சிற்று, யாருக்கு மிஞ்சிற்று?

நண்பர் காம்பராவின் பின்புறத்து ஈரமண்ணில் செப்புக் கம்பியை அடித்திறக்கி, பச்சை வயரைப் பிளக்கோடு இணைத்தார். கூலியில் பாதியைத்தான் பெற்றுக்கொண்டார். இரைச்சல் நின்றது.

அன்றிரவு அம்மாயியின் நாடாவை ஒருமுறை மாத்திரம் ஓட்டினோம். நொடிக்கு 44,100 அளவைகளாகக் கணினி அந்தக் குரலை எண்ணி எண்ணி வாங்கிக்கொண்டது. இடையில் ஓரிடத்தில் பாட்டு நின்று, ஆண் ஒருவர் இருமும் ஓசை வந்தது. இரைச்சல் இருந்திருப்பின் அது கேட்டிராது.

"அது ஒங்க தாத்தா" என்றார் அம்மா. தாத்தாவின் குரலை நான் கேட்டது அந்த இருமலில்தான்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். நண்பர் வரும் ஞாயிறு மற்றப் பதினொன்றின் பிளக்குகளையும் திறந்து பார்க்க வருகிறார். அனுமதி கேட்டு நிருவாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராவிட்டாலும் அவர் வருவார்.