அரங்கில் ஒலிக்கும் மணி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு செய்தி என் உள்ளத்தைக் கவர்வதுண்டு. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அரங்கின் அளவை வகுத்துரைக்கும் இளங்கோவடிகள், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டதையும் கூற மறந்தாரில்லை. காண்போர் அறியாத இத்தகைய கவனமே நாடகக் கலையைத் தாங்கி நிற்கிறது.

எம் மாணவியர் நடித்த நாடகம் ஒன்று, அயல்நாடு சென்ற மகனின் அழைப்பிற்காக ஏங்கும் தாயைப் பற்றியது. கைபேசி ஒலித்தல் வேண்டும். அவள் திடுக்கிட்டு எடுத்தல் வேண்டும். நாடகத்தின் உயிர் அந்நொடியில்தான் இருந்தது. மேடைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியில் ஒலித்தால் அவையோரின் கண் ஒருபுறமும் செவி மறுபுறமும் செல்லும். வேறொரு கைபேசியிலிருந்து மெய்யாகவே அழைத்தாலோ, இணைப்புக் கிடைக்கச் சில நொடிகள் கழியும். ஆதலின் மேசை மேலிருந்த தையல் பெட்டிக்குள் சிறியதொரு புளூடூத் ஒலிபெருக்கியை மறைத்து வைத்தோம். அதனை இயக்கும் மாணவி அவையின் கடைசி வரிசைக்குப் பின்னால் அமர்ந்தாள்.

வெற்றரங்கில் நடந்த ஒத்திகையில் மணி பிழையின்றி ஒலித்தது. இறுதி ஒத்திகைக்கு மாணவர்களை அழைத்து இருக்கைகளை நிரப்பியபோதோ, ஒலி திக்கித் திக்கி வந்து நின்றது. வராத மணிக்காகத் தாய் வேடத்திலிருந்த மாணவி செயலற்று நின்ற காட்சி என் நெஞ்சை வருத்தியது.

காரணம் தேடினோம். புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை கருவிகள் பலவும் அவ்வரிசையையே பயன்படுத்துவன. அவையோரின் கைபேசிகள் கூடக்கூட அங்கு நெரிசல் மிகுகிறது. அன்றியும், நீர் மிகுந்த மனித உடல் அவ்வலையை உறிஞ்சிக் கொள்கிறது. தூண் ஒளியை மறைப்பதுபோல, கூடியிருந்தோரின் உடல்கள் அலையை மறைத்தன!

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிதாயிற்று. இயக்கும் மாணவியைப் பக்கத்திரையின் மறைவிற்கு மாற்றினோம். கருவிகளுக்கிடையே இப்போது சில அடித் தொலைவே, இடையில் எவருமில்லை. தாய் கைபேசியை எடுக்கும் நொடியையும் அவளால் நேரே கண்டு ஒலியை நிறுத்த முடிந்தது. ஒலி அனுப்பும் கைபேசிக்கு வேறு அழைப்பு வாராதபடி விமானப் பயன்முறையில் வைத்து, புளூடூத்தை மட்டும் இயக்கினோம். நெடுநேரம் ஒலியில்லாதிருப்பின் சில ஒலிபெருக்கிகள் தாமே அணைந்துவிடும்; ஆகவே காட்சி தொடங்குமுன் செவிக்கு எட்டாத அளவில் ஓர் ஒலியை ஓடவிட்டோம். இத்தனைக்கும் மேலாக, கம்பி இணைப்புடன் மற்றொரு சிறு ஒலிபெருக்கியை மேசைக்கடியில் பொருத்தினோம். மீண்டும் அவையை நிரப்பி ஒத்திகை பார்த்த பின்னரே மனம் அமைதியுற்றது.

நாடகம் நடத்த விழையும் இளையோர்க்கு யான் கூற விரும்புவது இதுவே: கருவியை வெற்றரங்கில் சோதித்து நிறைவு கொள்ளற்க. விளக்கொளியில் தனித்து நிற்கும் நடிகர்க்குத் திரைமறைவில் இருப்போர் தரும் வாக்குறுதியே அம்மணியொலி. அவ்வாக்கு பொய்க்குமாயின், நாணி நிற்பது கருவியன்று. நம்மை நம்பி மேடையேறிய ஒரு மாணவி.